ஏழு வரி விருந்தாளி

தவமலர் ஊரித்தீவில் வந்து இறங்கியது ஒரு புதன்கிழமை, காலைப் பத்து மணிக்கு வரும் லோஞ்சுப் படகில். அன்று அந்த லோஞ்சில் இரண்டு மூட்டை அரிசியும், கோவிலுக்கு ஒரு பெட்டி மெழுகுதிரியும், அக்கரையில் பல்லுப் பிடுங்கிவிட்டுத் திரும்பிய ஒரு கிழவரும், அவளும்தான் வந்தார்கள் என்று லோஞ்சோட்டி மரியநாயகம் பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னான், அவள் எங்கே ஏறினாள் என்று மட்டும் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஏனென்றால் அக்கரையில் புறப்படும்போது தலை எண்ணியபோது ஒருவர்தான் இருந்தார், நடுக்கடலில் எண்ணியபோது இரண்டு பேர் இருந்தார்கள், எண்ணிக்கை குறைந்தால்தான் லோஞ்சோட்டிக்குக் கவலை, கூடினால் என்ன கவலை.

மண்ணிறப் பெட்டி ஒன்றோடு அவள் துறையில் நின்று, "விடுதி எந்தப் பக்கம் தம்பி?" என்று கேட்டாள்.

"விடுதி இன்னும் கட்டேல்லை அக்கா. இந்தியாவில இருந்து பிள்ளையள் வந்து இப்பதான் படம் கீறிக்கொண்டிருக்குதுகள்."

"அதுக்குப் பரவாயில்லை. எனக்கு மூண்டாம் நம்பர் அறை. கடலைப் பாத்தது."

மரியநாயகம் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான், பெட்டியில் பாரமே இல்லை என்பதை அவன் கவனித்தான், ஆனால் விருந்தாளியின் பெட்டியைப் பற்றி விருந்தாளியிடம் பேசுவது மரியாதையில்லை என்று பேசாமல் நடந்தான்.

ஊரித்தீவில் அப்போது வீடுகள் நூற்று முப்பதுக்கு மேல் இருந்தன, ஆட்கள் இருந்த வீடுகள் நாற்பதுதான். மற்ற வீட்டுக்காரர்கள் கனடாவிலும் பாரிசிலும் லண்டனிலும் இருந்தார்கள், அவர்களுடைய சாவிகள் பக்கத்து வீட்டு ஆணிகளில் தொங்கின, பெருநாள் வரும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் போய்த் திறந்து, கூட்டி, ஜன்னலைச் சற்றுநேரம் திறந்துவைத்து, மறுபடி பூட்டிவிட்டு வந்தார்கள். கனடாவில் இருந்த ஊர்ச்சங்கத்தார்தான் இந்த விடுதி யோசனையைக் கிளப்பியவர்கள்: ஊரைப் பார்க்க வருகிறவர்கள் தங்குவதற்கு, கடலோரம் இடிந்து கிடந்த பழைய கூட்டுறவுச் சங்கக்கடையைச் சேர்த்து எட்டு அறையில் ஒரு விடுதி. அதை வடிவமைத்துத் தரத்தான் சென்னையிலிருந்து ஒரு கல்லூரியின் பதினொரு மாணவர்கள் வைதேகி மேடத்தோடு கடல் தாண்டி வந்திருந்தார்கள். ஒரே படிப்புப் படித்தவர்கள் கூடினால் ஒரே மாதிரிதான் யோசிப்பார்கள் என்பது மேடத்தின் கொள்கை, அதனால் கட்டிடக்கலையிலிருந்து நாலு பேர், கட்டுமானத்திலிருந்து இரண்டு பேர், துணி வடிவமைப்பு, ஓட்டல் நிர்வாகம், தாவரவியல் என்று பொறுக்கி எடுத்து, கடைசியில் சமூகவியலில் ஒருத்தியையும் சேர்த்திருந்தார்.

அந்த ஒருத்தி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஆவுடைச்செல்வி என்ற பெயரில் பாதியைச் சென்னையில் சேர்ந்த முதல் வாரமே தொலைத்துவிட்டு வெறும் செல்வியாகியிருந்தாள். அவள் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அம்மா இறந்துபோனாள், அப்பா லாரி செட்டே வீடென்று ஆகிவிட்டார், மஸ்கட்டில் இருந்த அண்ணன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை "நல்லா இருக்கியா" என்று கேட்டுவிட்டு அவள் பதிலை முடிப்பதற்குள் வைத்துவிடுவான். கோவில் மண்டபத்தில் மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் பாய் விரித்துக்கொண்டபோது பதினொன்றாவது ஆளாக மிஞ்சியவள் அவள்தான். அதில் யாருடைய தப்பும் இல்லை, பதினொன்றை இரண்டால் வகுத்தால் யாராவது ஒருவர் மிஞ்சத்தான் வேண்டும்.

மற்றவர்கள் கையில் அளவு நாடாவும் தாளும் கத்தியும் அட்டையும் இருந்தன, ஒருவன் மண்ணைக் கரைத்துப் பார்த்தான், ஒருத்தி பனைநாரை முறுக்கிப் பார்த்தாள், செல்விக்கு மட்டும் கையில் பிடிக்க ஒன்றும் இல்லை. "நீ கெஸ்ட் எழுது," என்றார் வைதேகி மேடம். "யார் வந்து தங்கப்போறாங்கன்னு தெரியாம ரூம் வரைய முடியாது. ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு ஏழு வரி. அதுக்கு மேல எழுதாத, யாரும் படிக்க மாட்டாங்க."

செல்வி நாலு அட்டை எழுதினாள். ஒரு ஜெர்மன் தம்பதி, பறவை பார்க்க வரும் ஓய்வுபெற்ற டாக்டர், கொழும்பிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஜோடி, இந்த மூன்றையும் அவள் மேடத்துக்காக எழுதினாள். நாலாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுதினாள், மற்றவர்கள் எல்லோரும் கடலில் குளிக்கப் போயிருந்தார்கள், கூப்பிட மறந்துபோய்விட்டார்கள், மண்டபத்தில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. பெயர் தவமலர், வயது ஐம்பத்தெட்டு. பிறந்தது ஊரித்தீவு, இருப்பது டொரண்டோ. தனியாகப் பயணம் செய்பவர். இடது கைப் பழக்கம். சர்க்கரை போடாத வெறுந்தேநீர். கடலைப் பார்த்த மூன்றாம் எண் அறை, பன்னிரண்டு நாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார்.

ஏழு வரி முடிந்தது, அட்டையும் முடிந்தது, நாலையும் சுவரில் ஒட்டினார்கள், இரண்டு நாளுக்குப் பிறகு யாரும் அவற்றைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை அவள் வந்தபோது விடுதி என்பது கடலோரத்தில் அடித்த முளைகளும் அவற்றுக்கு நடுவே கட்டிய வெள்ளை நூலும்தான். தவமலர் நூலைத் தாண்டவில்லை. நூலோடு சுற்றிப்போய், வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாக மூன்றாம் அறைக்குள் நுழைந்து, பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, கடலைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்து, இடது கையால் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்வி அதைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வரவில்லை, பரீட்சையில் தான் எழுதிய விடையை வேறு யாரோ வகுப்பில் உரக்கப் படிப்பதைக் கேட்டதுபோல ஒரு கூச்சம்தான் வந்தது.

"மேடம், அவங்க என்னோட நாலாவது கார்டு," என்று போய்ச் சொன்னாள்.

வைதேகி மேடம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லதாப் போச்சு. இனிமே நாம ஊகிக்க வேண்டாம், அவங்களையே கேட்டுக்கலாம்."

மாணவர்களுக்குச் சமைத்துப்போட்ட றெஜினாக்கா விஷயத்தைக் கேட்டு, "அட்டையில இருந்து வந்தாலென்ன, கப்பல்ல இருந்து வந்தாலென்ன, மனுசி வெய்யிலுக்க இருக்குது," என்று சொல்லிவிட்டு ஒரு பெரிய கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனாள். தவமலர் ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது தேத்தண்ணியோ, சீனிப்பாணியோ? வாயில வைக்கேலாது."

றெஜினாவுக்கு அவளை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று, ஏனென்றால் பத்தொன்பது நாளாக இந்தப் பிள்ளைகள் எதைக் கொடுத்தாலும் "சூப்பர் ஆன்ட்டி" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தன் கைப்பக்குவத்தின் மேலேயே சந்தேகம் வந்திருந்தது.

விருந்தாளியை நூலுக்கு நடுவே விட்டுவைக்க முடியாது என்று மரியநாயகம் தன் வீட்டுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டான், கட்டிலுக்கு மேல் நிழல் வேண்டுமே என்று நாலு பேர் தென்னங்கிடுகு கொண்டுவந்தார்கள், கிடுகு நிற்கக் கம்பு வேண்டுமே என்று கம்பு நட்டார்கள், கம்புக்குக் குழி இரண்டடி போதும் என்று கட்டுமானப் படிப்பு மாணவன் கணக்குப் போட்டுச் சொன்னான், ஆடிக்காத்தை உங்கட புத்தகம் கண்டதோ என்று கேட்டுவிட்டு ஊர் ஆட்கள் மூன்றடி தோண்டினார்கள், பவளக்கல் அடுக்கி அரைச்சுவர் எழுப்பினார்கள், இப்படி யாரும் கட்டலாம் என்று முடிவு செய்யாமலேயே மூன்று நாளில் அந்த எட்டறை விடுதியின் மூன்றாம் அறை எழும்பி நின்றது, ஒன்றாம் அறையும் இரண்டாம் அறையும் இன்னும் நூலாகவே இருந்தன. தவமலர் தினமும் காலையில் குறை சொன்னாள். திரை வடிவாய் இருக்குது, காத்துத்தான் வராது என்றாள். துணி வடிவமைப்பு மாணவி திரையைப் பிரித்து மறுபடி நெய்தாள். ஜன்னல் கட்டிலில் படுத்தால் வானத்தைக் காட்டுகிறதே தவிரக் கடலைக் காட்டவில்லை என்றாள். ஒரு முழுப் பகல் வேலை செய்து ஜன்னலை ஒரு சாண் கீழே இறக்கினார்கள். மாணவர்கள் அவளைச் சுற்றியே இருந்தார்கள், அவள் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்கள், அவளை எழுதியவள் யார் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை, செல்விக்கும் அதைச் சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை.

ஊருக்கு வேறு கேள்வி இருந்தது. ஊரித்தீவில் பிறந்தவள் என்றால் ஆருடைய பிள்ளை?

விதானையார் பஸ்தியாம்பிள்ளை பதிவுப் புத்தகத்தோடு வந்து கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வெளியாள் தங்கினால் அரசாங்கத்துக்குப் பதிவு செய்ய வேண்டியது அவர் வேலை.

"தேப்பன் பேர்?"

"தெரியாது விதானையார். எனக்கு அது தரேல்லை."

"தாய்?"

"அதுவும் இல்லை."

"ஊரித்தீவில எந்தப் பக்கம்? கோவிலடியோ, வடக்கோ?"

"பிறந்தது ஊரித்தீவு எண்டு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

பஸ்தியாம்பிள்ளை முப்பது வருஷமாகப் பதிவு எழுதுகிறவர், தகப்பன் பெயர் சொல்லத் தெரியாதவர்களை அவர் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறார், போருக்குப் பிறகு முகாம்களில் இருந்து திரும்பி வந்த சின்னஞ்சிறுசுகள் பல பேருக்குத் தெரியவில்லை, அதனால் அவர் மேற்கொண்டு துருவாமல் பெயரை மட்டும் பென்சிலால் எழுதிக்கொண்டு எழும்பிப் போனார்.

அதன்பிறகு வீடு வீடாக வந்தார்கள். ஆட்கள் இருந்த நாற்பது வீட்டிலும், போய்த் திரும்பாத, கடிதம் நின்றுபோன, குரல் நின்றுபோன ஒருத்தி இருந்தாள், ஒரு மச்சாள், ஒரு பெறாமகள், கூடப் படித்த ஒருத்தி, மணம் பேசி நின்றுபோன ஒருத்தி. அவர்கள் பழைய படங்களைப் பொலித்தீன் பைகளில் சுற்றிக்கொண்டு வந்தார்கள், அவள் முகத்துக்குப் பக்கத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்தார்கள், உனக்கு இந்தக் கிணறு ஞாபகமிருக்கோ, இந்த வேம்பு ஞாபகமிருக்கோ, நாங்கள் இதால விழுந்தது ஞாபகமிருக்கோ என்று கேட்டார்கள், அவள் ஒவ்வொரு படத்தையும் இடது கையில் வாங்கி நேரமெடுத்துப் பார்த்துவிட்டு "இது நானில்லை" என்று திருப்பிக் கொடுத்தாள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. படத்தைச் சுற்றி எடுத்துக்கொண்டு போனவர்கள் மறுநாள் பாலப்பமோ பொரித்த மீனோ கொண்டுவந்தார்கள், உறவு இல்லையென்று ஆகிவிட்டாலும் வந்தவளுக்குப் பசிக்காமல் இருக்குமா.

றெஜினா மட்டும் படம் கொண்டுவரவில்லை, ஏனென்றால் அவளிடம் படம் இல்லை. அவளுடைய தங்கச்சி செபமலர் இருபத்திரண்டு வயதில் ஒரு மாலை மற்ற ஆட்களோடு வள்ளம் ஏறியவள், அந்த வள்ளம் எந்தக் கரைக்கும் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி இல்லை, அதற்கு முப்பத்தாறு வருஷமாகிவிட்டது, இருந்திருந்தால் இப்போது ஐம்பத்தெட்டு. நாலாம் நாள் பாத்திரம் எடுக்க வந்த றெஜினா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"நீர் செபம் இல்லையோ?"

"இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லும். அவசரமில்லை."

"யோசிச்சிட்டன். நான் உங்கட தங்கச்சி இல்லை."

றெஜினா பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "சரி. இல்லாட்டியும் இரும்," என்றாள். அன்றிலிருந்து தன் பாயைக் கொண்டுவந்து மூன்றாம் அறையிலேயே படுத்துக்கொண்டாள், புது இடத்தில் பொம்பிளை ஒருத்தி தனியப் படுக்கக்கூடாது என்று ஊருக்குக் காரணம் சொன்னாள்.

ஐந்தாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிட்டுச் சாய்ந்திருந்த வேளையில் தவமலர் செல்வியைக் கூப்பிட்டாள். போனவளிடம் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்து காட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சீப்புக்கூட இல்லை.

"பெட்டி எண்டு நினைச்சீர், உள்ளுக்கை என்ன எண்டு நினைக்கேல்லை, என்ன?"

செல்விக்கு முகம் சூடாகிவிட்டது. "ஏழு வரிதான்னு சொன்னாங்கம்மா."

"ஏழிலை ஒரு வரியை ஏன் தனிய எண்டதுக்குச் செலவழிச்சனீர்?"

செல்வி கடலைப் பார்த்தாள். பொய் சொல்லலாம் என்று நினைத்தாள், ஆனால் முகத்துக்கு நேரே பேசுகிறவள் முன்னால் பொய் வரவில்லை. "எனக்குத் தெரிஞ்சதைத்தான் எழுதினேன்."

தவமலர் அதைக் கேட்டுக்கொண்டாள். "நான் கண்ணை மூடி டொரண்டோவை நினைச்சுப் பாக்கிறன் பிள்ளை. எல்லாம் வெள்ளையாத் தெரியுது. பனியாக்கும் எண்டு முதல்ல நினைச்சன். பனி இல்லை. வெறும் தாள். பன்னிரண்டு நாள் முடிய நான் எங்கை போறது?"

அன்று மாலை செல்வி சுவரிலிருந்து அட்டையைக் கழற்றி மண்டபத்தின் படியில் உட்கார்ந்து எட்டாவது வரி எழுதினாள். தவமலருக்கு ஒரு துணை வேண்டும், போய்ச் சேர ஒரு ஆள் வேண்டும். ஒரு மகன் உண்டு, பெயர் ஜெயந்தன், தூரத்தில் வேலை, அதிகம் பேசமாட்டான் என்று எழுதினாள். எழுதும்போது ஆண்பிள்ளை என்றால் அவள் கைக்கு வந்தது அதுதான்; மஸ்கட் அண்ணனைத் தவிர வேறு யாரையும் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் தெரியாது, அவனையும் அவ்வளவுதான் தெரியும்.

மறுநாள் காலை லோஞ்சு வருமுன்பே தவமலர் தலைவாரிக்கொண்டு துறையில் நின்றாள். "என்ரை மகன் ஜெயந்தன் வருவான்," என்றாள் மரியநாயகத்திடம். "நான் இஞ்சை இருக்கிறன் எண்டு அவனுக்குத் தெரியும்தானே. ஏன் ஒரு போன்கூட எடுக்கிறானில்லை?"

ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. மகன் வருகிறான் என்றால் மகனுக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும், றெஜினா ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டாள். வருகிறவன் எங்கே படுப்பான் என்று பக்கத்து நூலுக்கு நடுவே இன்னொரு கட்டில் வந்தது. தினம் பத்து மணிக்கு லோஞ்சு துறையைத் தொடுவதற்கு முன்பே மரியநாயகம் தூரத்திலிருந்து கையை விரித்துக் காட்டினான், "இண்டைக்கு இல்லை அக்கா" என்று அந்தக் கைக்கு அர்த்தம், துறையில் நின்ற வேறு இரண்டு மூன்று பேரும் அவளோடு சேர்ந்து ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அவர்கள் அப்படி வேறு பலருக்காகவும் பல வருஷம் துறையில் நின்று பழகியவர்கள், எப்படி நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், திரும்பும்போது என்ன பேசக்கூடாது என்றெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மூன்றாம் அறை எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவுக்கு அதில் இருந்தவள் அதைப் பார்க்காமல் போனாள். திரையைப் பற்றியும் ஜன்னலைப் பற்றியும் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள், மாணவர்கள் அதைத் திருப்தி என்று எழுதிக்கொண்டார்கள்.

செல்வி பயந்துபோய் ஒன்பதாவது வரி எழுதினாள்: அவன் நாளைக்கு வருவான். நாளை வந்தது, லோஞ்சில் சீமெந்து வந்தது, அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமை வருவான் என்று எழுதினாள். வெள்ளிக்கிழமையும் மரியநாயகம் கையை விரித்தான். எழுதினால் வந்துவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, ஜெர்மன் தம்பதியும் பறவை டாக்டரும் கொழும்பு ஜோடியும் வரவேயில்லையே.

பத்தாம் நாள் செல்வி தவமலரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். றெஜினா பாத்திரம் துலக்கிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தாள்.

"அம்மா, ஜெயந்தன்னு யாரும் இல்லை. நான்தான் எழுதினேன். உங்களுக்கு ஒரு ஆள் இருக்கட்டும்னு நினைச்சு எழுதிட்டேன். அடிச்சிடவா?"

தவமலர் கையை ஓங்குவாள் என்று செல்வி நினைத்தாள். ஓங்கவில்லை. "நீர் எழுதினீரோ, நான் பெத்தனோ, இப்ப எனக்கு அவன் இருக்கிறான்," என்றாள். "அடிச்சால் என்ன ஆகும்? பிள்ளை இல்லாமல் போகும், நெஞ்சிலை கிடக்கிற பாரம் போகுமோ? வையும் அந்தப் பேனையை."

றெஜினா சாம்பல் கையோடு எழுந்து வந்து செல்வியின் கையிலிருந்து அட்டையை வாங்கி, ஈரம் படாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "இனி எழுதாதையும் பிள்ளை. எழுதினது காணும்," என்றாள். அதில் கோபம் இல்லை. அதனால்தான் செல்விக்கு அழுகை வந்தது.

பன்னிரண்டாம் நாள் வழியனுப்பு விருந்துக்கு நண்டு வாங்க றெஜினா விடியும்போதே தீவின் மேற்குக் கரைக்கு நடந்து போயிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை லோஞ்சு பின்னேரம்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள், ஆனால் மத்தியானத்துக்குப் பிறகு காற்று கிளம்பும் என்று ரேடியோவில் சொன்னதால் மரியநாயகம் எட்டு மணிக்கே எஞ்சினைத் தட்டிவிட்டான். தவமலர் பெட்டியோடு துறைக்கு வந்துவிட்டாள். "கெஸ்டை வழியனுப்புறதும் நம்ம வேலைதான், நீ அக்கரை வரைக்கும் போய்ட்டு வா," என்று வைதேகி மேடம் செல்வியை அனுப்பினார், கரையில் நின்ற மாணவர்கள் கை காட்டினார்கள், ஊர் ஆட்கள் கை காட்டாமல் நின்றார்கள்.

லோஞ்சில் ஒன்றரை மணி நேரம். செல்வி அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள், தீவைப் பற்றி, அறையைப் பற்றி, றெஜினாவைப் பற்றி. தவமலர் பின்னால் திரும்பியே பார்க்கவில்லை.

"அவன் வராட்டி நான் போறன்," என்றாள் நடுக்கடலில்.

"எங்கம்மா?"

"வவுனியாவில கேப்பன். பிறகு மன்னாரில கேப்பன். பிறகு ஆரும் சொல்லுற இடத்துக்குப் போவன். அவன்ர முகத்தையாவது சொல்லும். அது எனக்குத் தரேல்லை நீர்."

செல்வி அண்ணன் முகத்தைச் சொன்னாள். வலது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த வெட்டு, அதில் முடி முளைக்காது. சிரித்தால் முதலில் ஒரு பக்கம்தான் சிரிப்பான். காது கொஞ்சம் பெரிசு. சொல்லச் சொல்ல, இவ்வளவு நாளாகத் தான் அவன் முகத்தை நினைத்தே பார்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தவமலர் வாய்க்குள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்கரையில் வவுனியா பஸ் நின்றது. தவமலர் ஏறினாள். ஜன்னலோரத்தில் ஒரு மனுசி, மடியில் ஒரு பெடியனின் சட்டம் போட்ட படத்தைத் தெருவுக்குத் தெரியாமல் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தவமலர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், ஏதோ கேட்டாள், அந்த மனுசி படத்தை நிமிர்த்திக் காட்டினாள், இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்தன. பஸ் புறப்பட்டது. தலைகள் நிமிரவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை செல்வி கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள், யாருக்கு என்று தெரியாமல் பிறகு இறக்கினாள்.

காற்றுக்கு முந்திக்கொண்டு லோஞ்சு திரும்பியபோது ஊரித்தீவுத் துறையில் றெஜினா மட்டும் நின்றாள். நடந்து வந்த வேர்வை இன்னும் காயவில்லை, கையில் நண்டுப் பை இருந்தது, பைக்குள் நண்டுகள் அசைந்துகொண்டிருந்தன.

"போனவாவோ?"

"போயிட்டாங்க."

"பின்னேரம் எண்டுதானே சொன்னவை. ஒருக்காச் சொல்லி அனுப்பியிருக்கலாம்தானே. ஓடி வந்திருப்பன்." றெஜினா கடலைப் பார்த்தாள், பிறகு செல்வியைப் பார்த்தாள். "என்னைப் பற்றி ஏதும் சொன்னவாவோ?"

தவமலர் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. முப்பத்தாறு வருஷம் துறையில் நின்ற ஒருத்தியின் கண் எதிரே இருந்தது.

"சொன்னாங்க," என்றாள் செல்வி.

"என்ன சொன்னவா?"

தவமலர் நல்லதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள், சொன்னதாகச் சொன்னால் றெஜினா நம்ப மாட்டாள். "ராத்திரி பூரா நீங்க குறட்டை விடுறீங்களாம். அவங்களால தூங்கவே முடியலையாம்."

றெஜினாவின் கையிலிருந்த பை தொங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள், பொத்திய கைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, அது சிரிப்பா அழுகையா என்று செல்விக்குத் தெரியவில்லை.

"இதைத்தான் அவள் சின்னனிலயும் சொல்லுவாள்," என்றாள் றெஜினா. "அம்மாட்டப் போய் முறையிடுவாள், அக்கா குறட்டை விடுறா, நான் இவளோடை படுக்க மாட்டன் எண்டு. என்ரை செபம்தான். எனக்குத் தெரியும். வாய்தான் இல்லையெண்டது."

"அக்கா…" என்று செல்வி ஒரு அடி எடுத்து வைத்தாள். றெஜினா அதற்குள் திரும்பி, நண்டுப் பை காலில் இடிக்க இடிக்கக் கோவிலடியை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தாள், எதிரே வந்த முதல் ஆளைக் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

மரியநாயகம் கயிற்றைக் கட்டையில் சுற்றி முடிச்சுப் போட்டான். அவனும் லோஞ்சில்தான் இருந்தான், எல்லாம் அவன் காதிலும் விழுந்திருக்கும். அவன் செல்வியை ஒருதரம் பார்த்துவிட்டு எஞ்சினுக்கு மேல் சாக்கைப் போர்த்தத் தொடங்கினான். காற்று கிளம்பிவிட்டது. கோவிலடியில் ஆட்கள் கூடிவிட்டார்கள், விதானையாரும் குடையோடு வந்து நின்றார், றெஜினாவின் குரல் காற்றில் அறுந்து அறுந்து துறை வரைக்கும் வந்தது. முதல்முறை அவள் செல்வி சொன்னபடியே சொன்னாள். இரண்டாவது முறை லோஞ்சில் இருந்தபோது செபம் அழுததாகச் சொன்னாள். மூன்றாவது முறை சொன்னபோது, நான் திரும்பி வருவன் எண்டு அக்காட்டச் சொல்லும் என்று அவள் சொல்லிவிட்டுப் போனதாகவும் அதில் சேர்ந்திருந்தது.